விலை கொடுத்து வாங்கிய இரவல்

தமிழில் 'வாங்குதல்' என்பது வேடிக்கையான சொல். ஜவுளிக் கடையில் பணம் கொடுத்துப் புடவை எடுத்தாலும் 'வாங்கினேன்' என்கிறோம். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாகப் பெற்றாலும் 'வாங்கினேன்' என்கிறோம். கடன் வாங்குகிறோம், இரவல் வாங்குகிறோம், பள்ளிக்கூடத்தில் அடியும் வாங்குகிறோம். இத்தனைக்கும் ஒரே வினைச்சொல்தான். ஆனாலும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. விலைக்கு வாங்கியது நம்முடையது. இரவல் வாங்கியது இன்னொருவருடையது. அதைத் திருப்பித் தர வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாத குழந்தை நம் ஊரில் கிடையாது.

குழந்தைக்கும் தெரிந்த இந்த வித்தியாசத்தைப் பெரிய பெரிய வியாபாரிகள் மூடி மறைத்துக் கொண்டிருக்கிறார்கள். மின்னூல் வியாபாரத்தைத்தான் சொல்கிறேன். புத்தகத்தின் அட்டைப்படம் தெரிகிறது. பக்கத்தில் விலை தெரிகிறது. கீழே 'வாங்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த வாங்குதல் என்பது மட்டும் அங்கே எழுதியிருக்காது. அது வேறோர் இடத்தில், ஒருவரும் படிக்காத நிபந்தனைப் பத்திரத்தில், வக்கீல் பாஷையில் ஒளிந்து கொண்டிருக்கும்.

இப்படி ஆரம்பித்தவுடன், "ஓகோ, இவரும் புத்தக வாசனைக் கட்சியா?" என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். அந்தக் கட்சியில் நான் இல்லை. காகிதத்தின் மணம், அட்டையின் வழவழப்பு, பக்கம் புரட்டும் சுகம் என்றெல்லாம் உருகுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை முகர்ந்து பார்த்ததோடு சரி. படிக்கிறவனுக்குப் புத்தகத்தின் உள்ளே இருப்பதுதான் முக்கியம். பனையோலையிலிருந்து காகிதத்துக்கு மாறியபோது தமிழ் செத்துவிடவில்லை. காகிதத்திலிருந்து கண்ணாடிப் பலகைக்கு மாறினாலும் சாகாது.

இன்னும் சொல்லப்போனால், இந்தக் கருவியின் அருமை எனக்குப் புரிந்ததே வெளிநாட்டில்தான். ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். விசாவில் கொடுத்த 90 நாளையும் அவர்களோடு கழித்தேன். ஆகாய விமானத்தில் பெட்டிக்கு அனுமதித்த எடை 23 கிலோ. அதில் சாம்பார்ப் பொடிக்கும் வடாமுக்கும் ஆவக்காய்க்கும் போக மிச்சம் இருந்த இடத்தில் கம்பளிச் சட்டைகள் ஏறிக்கொண்டன. வீட்டுக்காரி எடுத்து வெளியே வைத்தவை என் புத்தகங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள்.

அங்கே போய்ப் பார்த்தால், அந்த ஊரில் தமிழ்ப் புத்தகக் கடை ஏது? சென்னையிலிருந்து தபாலில் வரவழைத்தால் புத்தகத்தின் விலையைவிடத் தபால் கூலி அதிகம். என் பெண் தன்னுடைய கிண்டிலைக் கையில் கொடுத்து, "இதிலே பாருங்கோ அப்பா" என்றாள். ஒரு சிலேட்டை விடச் சிறியது. அதற்குள் ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தன.

அந்தத் திரையின் வேலைப்பாட்டை மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு குமிழிகள் அதில் நிரம்பியிருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் கருப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்சாரம் ஒரு தூண்டு தூண்டினால் கருப்பு மேலே வருகிறது. மாற்றித் தூண்டினால் வெள்ளை வருகிறது. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் வேண்டும். மாறிய பிறகு எழுத்து தானே நிற்கும். கைபேசியைப் போல எழுத்தே ஒளிவீசிக் கண்ணைக் குத்துவதில்லை. அச்சடித்த காகிதத்தைப் போல, மேலே விழுகிற வெளிச்சத்தில் தெரிகிறது. கண் புரைக்கு அறுவை செய்துகொண்ட என் போன்றவர்கள் எழுத்தைக் கொட்டைப் பாக்கு அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எந்தப் பதிப்பாளர் எனக்காக அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடிப்பார்?

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அந்தக் கருவி, 2016 டிசம்பரில்தான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களுக்குக் கடை திறந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்தோம். காத்திருந்தது வீண் போகவில்லை. பனி கொட்டுகிற ஊரில், ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, ஒரு தமிழ்க் குடும்பம் நல்ல தமிழ் நாவலைப் படிக்க முடிகிறது என்றால் அது சாமானியமான காரியமா? இந்தக் கருவியை நான் வாழ்த்துகிறேன். வாழ்த்துவதனால்தான் கோபப்படுகிறேன். வேண்டாத பொருளில் மோசடி நடந்தால் நமக்கென்ன?

சங்கதி இதுதான். நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ கொடுத்து நாம் 'வாங்குகிற' மின்னூல் நம்முடையது ஆவதில்லை. படித்துக்கொள்ள அனுமதி மட்டுமே தரப்படுகிறது. அதை விற்கக் கூடாது; இன்னொருவருக்கு மாற்றித் தரக் கூடாது. நம் ஊரில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவார்கள். மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம்; கெடு முடிந்தால் வீட்டைக் காலி செய்து, பணத்தை முழுசாகத் திரும்பப் பெறலாம். போக்கியத்துக்கு இருக்கிற நியாயம்கூட மின்னூலுக்குக் கிடையாது. பணம் போனது போனதுதான். கெடு எப்போது என்பதும் நமக்குத் தெரியாது.

"அப்படியெல்லாம் யார் வந்து பிடுங்கப் போகிறார்கள்?" என்று கேட்கலாம். பிடுங்கியிருக்கிறார்கள். 2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, தான் விற்ற இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து, அவர்களைக் கேட்காமலே அழித்தது. விற்றுக்கொடுத்தவருக்கு அந்த நூல்களின் உரிமை இல்லை என்பது காரணம். விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நூல்கள் எவை தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை'! அரசாங்கத்துக்குப் பிடிக்காத எழுத்தை இருந்த சுவடு தெரியாமல் அழித்துவிடும் ஒரு ராஜ்யத்தைப் பற்றியது அந்த முதல் நாவல். இதை நான் ஒரு கதையில் எழுதியிருந்தால், "இவ்வளவு பொருத்தம் எங்கேயாவது நடக்குமா?" என்று விமரிசகர்கள் கேலி செய்திருப்பார்கள். அந்தப் பிரதியில் ஒரு மாணவன் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போய், வழக்கு வரை சென்றது. கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மன்னிப்புக் கேட்டது நல்ல குணந்தான். ஆனால், நம் வீட்டு அலமாரியின் சாவி அவர் கையில் இருக்கிறது என்பது அன்றைக்கு ஊரறிய வெளிப்பட்டுவிட்டது.

அது ஏதோ ஒரு நாள் நடந்த தவறு என்று தள்ளுவதற்கும் இல்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் மின்னூல் கடையை மூடியது. கடையோடு, வாசகர்கள் வாங்கியிருந்த புத்தகங்களும் மூடிக்கொண்டன. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போயிற்று. கிண்டில் கடை சீனாவை விட்டுப் போவதாக 2022இல் அறிவித்தார்கள். 2023 ஜூனோடு விற்பனை நின்றது. ஏற்கெனவே வாங்கியதை இறக்கிக்கொள்வதற்கு 2024 ஜூன் வரை தவணை கொடுத்தார்கள். பிறகு 2025 பிப்ரவரி 26ஆம் தேதி முதல், கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த தெருப் புத்தகக் கடைக்காரர் கடையை மூடினால் நமக்கு வருத்தமாக இருக்கும். அதற்காக, அவரிடம் வாங்கிய பாரதியார் கவிதைகள் நம் வீட்டிலிருந்து மறைந்துவிடுமா?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. நான் போயிருந்த ஊரில் ஒரு வாசகர், தமிழ்ச் சங்கத்தில் அறிமுகமானவர், என்னுடைய நாவல் ஒன்றை மின்னூலாக வாங்க முயன்றார். அவர் இருக்கும் நாட்டில் அந்த நூல் கிடைக்காது என்று பதில் வந்தது. என்னிடமே காட்டினார். விசாரித்துப் பார்த்தேன். பதிப்பகத்தார் அதை ஏற்றும்போது, விற்பனை செய்யும் நாடுகள் என்ற இடத்தில் இந்தியாவை மட்டும் குறித்திருந்தார்கள்! வாசகர் பணம் கொடுக்கத் தயார். எழுதியவன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்துக்கோ கனம் கிடையாது, தபால் கூலி கிடையாது. இருந்தும் விற்க மாட்டோம் என்கிறது கடை. 23 கிலோவில் என் மனைவி இடம் ஒதுக்காததற்காவது ஆவக்காய் என்று ஒரு காரணம் இருந்தது. இதற்கு என்ன காரணம்? அக்கறையின்மை தவிர வேறில்லை.

இந்தப் பூட்டும் எல்லைக்கோடும் இயற்கையாக முளைத்தவை அல்ல என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1908இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு பதிப்பாளர் தம் நாவலின் உள்ளே, 'இதை ஒரு டாலருக்குக் குறைத்து விற்பது உரிமை மீறல்' என்று அச்சடித்திருந்தார். நியூயார்க்கில் ஒரு பெரிய கடைக்காரர் 89 செண்டுக்கு விற்றார். பதிப்பாளர் வழக்குப் போட்டார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? ஒரு முறை விற்றுவிட்டால், அந்தப் பிரதியை வாங்கியவர் அதன் பிறகு எப்படி விற்பார் என்பதில் உனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த நியாயத்தை எந்த நீதிபதியும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம், மின்னூல் விற்பது சரக்கு விற்பது ஆகாது, அது ஒரு சேவை. ஆகவே அச்சுப் புத்தகத்துக்குரிய குறைந்த வரி அதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. பின்னால் 2018இல் சட்டத்தைத் திருத்தி வரியைக் குறைக்க வழி செய்தார்கள். ஆனால் 2019 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. படித்து முடித்த மின்னூலை, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், பழைய புத்தகமாக விற்பதற்கு இடமில்லை என்பது அதன் சாரம். அச்சுப் புத்தகத்துக்கு இருந்த பழைய உரிமை இப்படி மின்னூலின் வாசற்படியில் நின்றுவிட்டது. விலை வாங்கும்போது அது புத்தகம். உரிமை கேட்கும்போது அது சேவை. வியாபாரத்துக்கு இதைவிடச் சௌகரியமான வேதாந்தம் வேறு என்ன இருக்கிறது?

இதே ஜெர்மனியில் நேர்மையான ஏற்பாடு ஒன்றையும் கண்டேன். அங்குள்ள பொது நூலகங்கள் 2007 முதல் மின்னூல்களை இரவல் கொடுத்து வருகின்றன. நூலக அட்டை இருந்தால் போதும். கெடு முடிந்ததும் புத்தகம் தானே மூடிக்கொள்கிறது. இதில் யாருக்கும் வருத்தமில்லை. ஏனென்றால் அதன் பெயரே இரவல். இரவல் என்று சொல்லி இரவல் கொடுக்கிறார்கள். அந்த நாட்டுப் புத்தகக் கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே கம்பெனியிடம் ஊரை ஒப்படைக்க மனமில்லாமல், 2013இல் பல கடைகள் கூட்டுச் சேர்ந்து 'டோலினோ' என்று தங்களுக்கென ஒரு கருவியைக் கொண்டுவந்தன. நம்முடைய பதிப்பாளர்கள் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்தில் கடை போடுகிறார்கள். மின்னூல் விஷயத்தில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

பதிப்பாளர்களின் பதில் எனக்குத் தெரியும். "பூட்டுப் போடாவிட்டால் திருடிவிடுவார்கள், ஐயா! உங்களுக்குத்தானே நஷ்டம்?" என்பார்கள். எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் நான். திருட்டினால் வயிறு எரிவது எனக்குத்தான் அதிகம். ஆனால் பூட்டினால் திருட்டு நின்றதா என்று கேட்கிறேன். பூட்டிய புத்தகங்கள் எல்லாம் கைபேசிக் குழுக்களில் இலவசமாகச் சுற்றிக் கொண்டுதானே இருக்கின்றன? அச்சுப் பிரதியை ஒருவன் ஒரு மாலைப்பொழுதில் படம் பிடித்துப் போட்டுவிடுகிறான். திருடனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. பணம் கொடுத்த யோக்கியனுக்குத்தான் அது விலங்கு. பாட்டு வியாபாரத்தில் ஆப்பிள் கம்பெனி 2009இல் பூட்டைக் கழற்றியது. சங்கீதம் அழிந்துவிடவில்லை. ஹாரி பாட்டர் கதைகளை 2012இல் மின்னூலாக்கியபோது, அதன் ஆசிரியை பூட்டுப் போடாமல், வாங்கியவரைக் கண்டுகொள்ளும் ஓர் அடையாளத்தை மட்டும் உள்ளே பதித்து விற்றார். அதே ஆண்டில் டோர் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் விஞ்ஞான நாவல்களின் பூட்டை அடியோடு நீக்கியது. உலகத்திலேயே அதிகம் விற்ற கதைக்குத் தேவைப்படாத பூட்டு, ஆயிரம் பிரதிக்கு ஆலாய்ப் பறக்கும் தமிழ் நாவலுக்கு எதற்கு?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பனையோலை சில நூறு வருஷங்களுக்குள் செல்லரித்துப் போகும். சங்க நூல்கள் நமக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதி வைத்ததுதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்து ஏடு திரட்டினார். பல பிரதிகளை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஏட்டுக்கும் ஒரு பூட்டு இருந்து, 'இதைப் படி எடுக்க அனுமதி இல்லை. சொந்தக்காரர் இறந்தால் அனுமதியும் முடிந்தது' என்று எழுதியிருந்தால் ஐயர் கையில் என்ன கிடைத்திருக்கும்?

நம் காலத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தது. வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! அந்தப் பைண்டுப் புத்தகம் அக்காள் புகுந்த வீட்டுக்குப் போகும், ஓரகத்தி படிப்பாள், மாடி வீட்டுக்குப் போகும், அட்டை கிழிந்து, மஞ்சள் கறையோடு திரும்பி வரும். தமிழ் வாசகர் கூட்டம் உருவானது இப்படித்தான். கல்கியின் எழுத்து பின்பு நாட்டுடைமையாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், அதைப் போன்ற நூற்றுக்கணக்கான நூல்களைப் பூட்டில்லாத மின்னூல்களாக உலகத்துக்கே கொடுத்தது. அதை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் என்ற தமிழர். கைகொடுத்தவர்கள் பல நாடுகளில் இருந்த தமிழர்கள். சம்பளம் வாங்காமல் வெளிநாட்டிலிருந்து தட்டச்சு செய்து தமிழைக் காத்தார்கள். அப்படிப்பட்ட வெளிநாட்டுத் தமிழர்களிடம் காசை வாங்கிக்கொண்டு நாம் கொடுப்பது என்ன? இரவல்!

என் பேத்தி அங்கே ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறாள். தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டுகிறாள். என்றைக்காவது அவளுக்குத் தமிழ் நாவல் படிக்கிற ஆசை வரும். அப்போது அவள் கை நீட்டுகிற இடத்தில் புத்தகம் இருக்க வேண்டும். என் தகப்பனாரின் அலமாரி எனக்கு வந்தது. என் பெண்ணின் அலமாரி அவளுக்குப் போகுமா? சட்டப்படி அந்த அனுமதி என் பெண்ணுக்கு மட்டுந்தான். ஒரு மொழி, தான் பிறந்த மண்ணை விட்டு வேற்று நாட்டில் மூன்றாம் தலைமுறையைத் தொடுகிற இடம் இது. சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய்ப் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்கிறேன். முதலாவது, சொல்லில் நேர்மை. கலிபோர்னியா மாகாணத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. கொடுப்பது வெறும் அனுமதி என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது என்கிறது அது. நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று 2012இல் நாம் சட்டம் செய்தோம். பூட்டுக்குக் காவல் போட்டோம். வாங்கியவனுக்கு யார் காவல்? இரண்டாவது, தமிழ்ப் பதிப்பாளர்கள் தங்கள் மின்னூல்களைப் பூட்டில்லாமல், எல்லா நாட்டுக்கும், எந்தக் கருவியிலும் படிக்கும்படி, தாங்களே விற்கட்டும். இதற்குச் சட்டம் வேண்டாம். மனம் இருந்தால் போதும். மூன்றாவது, விலை கொடுத்த மின்னூலைப் பிள்ளைக்கு எழுதி வைக்கவும், ஒருவருக்கு இரவல் கொடுக்கவும் வாசகனுக்கு உரிமை வேண்டும். எழுத்தாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இந்த நிபந்தனையைக் கேட்க வேண்டும். நான் கேட்கத்தான் போகிறேன்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த தடவை 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துமுன், "எந்த வாங்குதல்?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். இரவல் என்றால் இரவலுக்குரிய கூலியைக் கேட்கட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். விலை என்றால் பொருளைக் கொடுக்கட்டும். விலையையும் வாங்கிக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்கிறவருக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. அதை எழுதினால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.